சீரியல் டிவைஸ் சர்வரில் யுடிபி முறையை அமைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தராசு இண்டிகேட்டர் (எடையைக் காட்டும் பெட்டி), ஜிபிஎஸ், மின் மீட்டர், பிஎல்சி (இயந்திரங்களை இயக்கும் சிறு கம்ப்யூட்டர்) என ஆர்எஸ்-232 அல்லது ஆர்எஸ்-485 என்ற சீரியல் முறை வழியாகப் பேசும் கருவிகளை நெட்வொர்க்கில் சேர்க்க ஒரு சின்னப் பெட்டி வாங்குகிறோம். சிலர் அதை டிவைஸ் சர்வர் என்பார்கள், சிலர் கன்வர்ட்டர் என்பார்கள். அதன் வெப் பக்கத்தில் டிசிபி சர்வர், டிசிபி கிளையன்ட் வரிசையில் யுடிபியும் இருக்கும். டிசிபி என்பது இணைப்பை ஏற்படுத்தி, தரவு போய்ச் சேர்ந்ததா என்று பார்த்து அனுப்பும் முறை; யுடிபி அப்படி எதுவும் பார்க்காமல் அனுப்பிவிடும் முறை. யுடிபியைத் தேர்ந்தெடுத்ததும் ஓடத் தொடங்கிவிடும் என்பதால் பலர் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். பிரச்சினைகள் அதற்குப் பிறகுதான் வருகின்றன.

பெரும்பாலும் ஒரே உதாரணத்தை வைத்துப் பேசுகிறேன்: ஒரு வே பிரிட்ஜ், அதாவது லாரிகளை எடை போடும் மேடை. அதன் இண்டிகேட்டர் 9600 பாட் (விநாடிக்கு 9600 பிட்) வேகத்தில் விநாடிக்கு 10 முறை எடையை அனுப்புகிறது. கன்வர்ட்டரின் முகவரி 192.168.1.50, பில் போடும் கம்ப்யூட்டர் 192.168.1.20.

யுடிபி முறையில் உள்ளே என்னதான் நடக்கிறது?

சீரியல் பக்கம் வரும் பைட்டுகளைக் கன்வர்ட்டர் கொஞ்சம் சேர்த்து வைத்து, ஒரு பாக்கெட்டாகக் கட்டி, நீங்கள் கொடுத்த முகவரிக்கு அனுப்பிவிடும். அந்த முகவரியில் யாராவது இருக்கிறார்களா, பாக்கெட் போய்ச் சேர்ந்ததா என்று அது பார்க்காது. எதிர்த்திசையில், தன்னுடைய போர்ட்டுக்கு வரும் பாக்கெட்டைப் பிரித்து உள்ளே இருப்பதை அப்படியே சீரியல் கம்பியில் தள்ளிவிடும்.

ஜான் போஸ்டல் 1980-ல் எழுதிய ஆர்எஃப்சி 768-தான் யுடிபியின் வரையறை. சில பக்கங்களில் முடிந்துவிடும் ஆவணம் அது. தலைப்பகுதி மொத்தம் 8 பைட்: அனுப்பும் போர்ட், பெறும் போர்ட், நீளம், சரிபார்ப்புத் தொகை. வரிசை எண் இல்லை, ஒப்புகை இல்லை, இணைப்பு என்ற ஒன்றே இல்லை. ஆகவே யுடிபி முறையில் "கனெக்ட் ஆகவில்லை" என்று சொல்வதற்குப் பொருளே கிடையாது. பாக்கெட் வருகிறதா, வரவில்லையா என்று மட்டும்தான் கேட்க முடியும்.

அப்படியென்றால் டிசிபியே நல்லதில்லையா?

தரவு எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்தது. வே பிரிட்ஜ் திரையில் ஓடும் எடையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பாக்கெட் தொலைந்தால் அடுத்தது 0.1 விநாடியில் வந்துவிடும். தொலைந்துபோன பழைய எடையைத் திரும்பக் கேட்டு வாங்கி என்ன செய்யப் போகிறீர்கள்? டிசிபி அதைத்தான் செய்யும். நெட்வொர்க் ஒரு கணம் தடுமாறினால் பழைய எடைகளை வரிசையாகக் கொண்டுவந்து சேர்த்துவிட்டுத்தான் புதியதைக் காட்டும்.

கம்ப்யூட்டர் திடீரென்று அணைந்து மறுபடி எழும்போதும் யுடிபி வசதியானது. டிசிபியில் பழைய இணைப்பு செத்துவிட்டது என்று கன்வர்ட்டருக்கு உடனே தெரியாது. ஒரே ஒரு இணைப்பை மட்டும் அனுமதிக்கும் கருவியாக இருந்தால், பழையது காலாவதியாகும் வரை புதிய இணைப்பை மறுக்கும். யுடிபியில் நிரல் போர்ட்டைத் திறந்த மறுகணமே எடை வந்து விழும்.

ஆனால் ஒவ்வொரு செய்தியும் ஒரே ஒருமுறைதான் வரும், அது தொலையக் கூடாது என்றால் யுடிபியை நம்பாதீர்கள். பார்கோடு ஸ்கேனர், வருகைப்பதிவுக் கருவி, பட்டனை அழுத்தினால் மட்டும் எடையை அனுப்பும் தராசு எல்லாம் டிசிபிக்கே உரியவை. கேட்டால் பதில் சொல்லும் கருவிகள் நடுவில் நிற்பவை. பதில் வராவிட்டால் மறுபடி கேட்கும்படி உங்கள் நிரல் எழுதப்பட்டிருந்தால் அவற்றுக்கு யுடிபி போதும்.

யுடிபி கிளையன்ட், யுடிபி சர்வர் என்று இரண்டு இருக்கிறதே? இணைப்பே இல்லை என்றால் இது எதற்கு?

நியாயமான கேள்வி. இவை யுடிபி நெறிமுறையில் உள்ள பெயர்கள் அல்ல, கருவி தயாரிப்பவர்கள் வைத்தவை. மலிவு விலை மாட்யூல்களில் அதிகம் காணலாம். பொதுவாகப் பொருள் இப்படி:

கிளையன்ட் என்றால் நீங்கள் எழுதி வைத்த முகவரிக்கு மட்டும் அனுப்பும், அங்கிருந்து வருவதை மட்டும் ஏற்கும். சர்வர் என்றால் யாரிடமிருந்து வந்தாலும் ஏற்கும், கடைசியாக யார் பேசினார்களோ அவருக்கே பதிலை அனுப்பும்.

நம் இண்டிகேட்டர் யாரும் கேட்காமலே எடையைக் கொட்டும் வகை. அதற்குக் கிளையன்ட் தேவை. சர்வர் முறையில் வைத்தால், கம்ப்யூட்டர் ஒரு பாக்கெட்டாவது அனுப்பும் வரை எங்கே அனுப்புவது என்று கன்வர்ட்டருக்குத் தெரியாமல் எடையெல்லாம் வீணாகும். கேட்டால் மட்டும் பதில் சொல்லும் மீட்டருக்குச் சர்வர் முறை பொருந்தும். ஆனால் அதில் ஒரு கண்ணி உண்டு: இரண்டு கம்ப்யூட்டர்கள் அடுத்தடுத்துக் கேட்டால் முதலாமவருக்குப் போக வேண்டிய பதில் இரண்டாமவருக்குப் போய்விடும்.

மோக்ஸா நிறுவனத்தின் என்போர்ட் போன்ற கருவிகளில் இந்தப் பிரிவே இல்லை. யுடிபி என்று ஒரே முறை. அதில் அனுப்ப வேண்டிய முகவரிகளின் பட்டியலும், கேட்க வேண்டிய உள்ளூர் போர்ட்டும் இருக்கும். எனக்கு இந்த அமைப்புதான் தெளிவாகப் படுகிறது.

போர்ட் எண்களை எப்படி வைப்பது?

கன்வர்ட்டரில் இரண்டு எண்கள் வேண்டும். உள்ளூர் போர்ட் என்பது கன்வர்ட்டர் கேட்கும் எண். தொலை போர்ட் அல்லது டெஸ்டினேஷன் போர்ட் என்பது கம்ப்யூட்டரில் உங்கள் நிரல் கேட்கும் எண். இரண்டும் ஒன்றாகவே இருக்கலாம், தவறில்லை. இரண்டையும் மாற்றிப் போட்டுவிடுவதுதான் புதிதாக அமைக்கும் இடங்களில் அடிக்கடி நடப்பது. இரண்டு எண்களும் வேறு வேறு என்றால், அப்போது எடையும் நிரலுக்கு வராது, நீங்கள் அனுப்பும் கட்டளையும் போய்ச் சேராது.

1024-க்கு மேல், 49152-க்குக் கீழே ஓர் எண்ணை எடுங்கள். 49152 முதல் 65535 வரை ஆப்பரேட்டிங் சிஸ்டம்கள் தற்காலிகத் தேவைக்கு எடுத்துக்கொள்ளும் பகுதி. மோக்ஸாவில் முதல் சீரியல் போர்ட்டுக்கு 4001 என்று ஏற்கெனவே இருக்கும், அதையே விட்டுவிடலாம். சில கருவிகளில் உள்ளூர் போர்ட்டை 0 என்று வைத்தால் ஒவ்வொரு முறை எழும்போதும் ஏதோ ஓர் எண்ணை எடுத்துக்கொள்ளும். கன்வர்ட்டருக்குக் கட்டளை அனுப்பும் தேவை இருந்தால் 0 வேண்டாம்.

ஐபி முகவரியை டிஎச்சிபிக்கு (ரவுட்டர் தானாக முகவரி கொடுக்கும் முறை) விட்டுவிடலாமா?

கூடாது. கன்வர்ட்டரின் முகவரி மட்டுமல்ல, கம்ப்யூட்டரின் முகவரியும் மாறக் கூடாது, ஏனென்றால் அதைத்தான் கன்வர்ட்டரில் எழுதி வைத்திருக்கிறீர்கள். இரண்டுக்கும் நிலையான முகவரி கொடுங்கள், அல்லது ரவுட்டரில் மேக் முகவரி என்ற கருவியின் அடையாள எண்ணைக் குறிப்பிட்டு ஒதுக்கி வையுங்கள்.

ஒரே எடையை மூன்று இடங்களில் பார்க்க வேண்டும். எது சிறந்த வழி?

மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, முகவரிப் பட்டியல். மோக்ஸாவில் நான்கு வரிசைகள் இருக்கும், ஒவ்வொன்றிலும் தொடக்க முகவரி, இறுதி முகவரி, போர்ட். கன்வர்ட்டர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பாக்கெட் அனுப்பும். பில் கம்ப்யூட்டர், கேபின் திரை, கேட் என்று மூன்று இடங்கள்தான் என்றால் யோசிக்காமல் இதையே செய்யுங்கள்.

இரண்டாவது, பிராட்காஸ்ட். சப்நெட் மாஸ்க் 255.255.255.0 என்றால் 192.168.1.255 என்று முகவரி கொடுத்தால் போதும், அந்த நெட்வொர்க்கில் உள்ள எல்லாக் கருவிகளுக்கும் போகும். அமைக்க எளிது. ஆனால் அலுவலகத்தில் உள்ள பிரின்டர், கேமரா, போன் எல்லாமே விநாடிக்குப் பத்து முறை உங்கள் எடையை வாங்கித் தூக்கிப் போட வேண்டியிருக்கும். ஒரு வே பிரிட்ஜுக்கு இது சுமையே அல்ல. இருபது கருவிகளை இப்படி வைத்தால் வை-ஃபை திணறும். ரவுட்டரைத் தாண்டியும் போகாது.

மூன்றாவது, மல்டிகாஸ்ட். 224.0.0.0 முதல் 239.255.255.255 வரை இதற்கான முகவரிகள். இவற்றில் 239 என்று தொடங்குபவை நிறுவனத்துக்குள் பயன்படுத்த ஒதுக்கப்பட்டவை, அதிலிருந்து எடுங்கள். 224.0.0 என்று தொடங்குபவை நெட்வொர்க்கின் சொந்த வேலைகளுக்கானவை, தொடாதீர்கள். வேண்டியவர் மட்டும் குழுவில் சேர்ந்து கேட்கலாம், கேட்பவர்கள் கூடினாலும் கன்வர்ட்டரின் வேலை கூடாது. ஆனால் ஸ்விட்சுகளைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும், அடுத்த கேள்வி அதைப் பற்றியதுதான்.

மல்டிகாஸ்ட் நாலைந்து நிமிஷம் நன்றாக வந்து, பிறகு நின்றுவிடுகிறது. கன்வர்ட்டரில் கோளாறா?

கன்வர்ட்டரைச் சந்தேகிக்கும் முன் ஸ்விட்சைப் பாருங்கள். மேனேஜ்டு (அமைப்புகளை மாற்றக்கூடிய) ஸ்விட்சுகளில் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் என்ற வசதி உண்டு. யார் யார் குழுவில் இருக்கிறார்கள் என்று ஒட்டுக்கேட்டு, அவர்கள் இருக்கும் துளைக்கு மட்டும் மல்டிகாஸ்டை அனுப்பும். இந்தப் பட்டியலைப் புதுப்பிக்க, "இன்னும் யார் இருக்கிறீர்கள்?" என்று அவ்வப்போது கேட்கும் ஒருவர் நெட்வொர்க்கில் இருக்க வேண்டும். அவருக்குக் குவரியர் என்று பெயர், வழக்கமான இடைவெளி 125 விநாடி. குவரியரே இல்லாத நெட்வொர்க்கில் நிரல் தொடங்கியபோது சேர்ந்த கணக்கு 260 விநாடியில் காலாவதியாகிவிடும். அந்த நாலேகால் நிமிஷம்தான் நீங்கள் பார்ப்பது.

தீர்வு, ஏதாவது ஒரு ஸ்விட்சிலோ ரவுட்டரிலோ குவரியரை இயக்குவது. முடியாவிட்டால் அந்த விஎல்ஏஎன்-இல் (ஸ்விட்சில் தனியாகப் பிரித்த நெட்வொர்க் பகுதி) ஸ்னூப்பிங்கை நிறுத்திவிடுங்கள்.

வை-ஃபை டேப்லெட்டில் மட்டும் எடை விட்டு விட்டு வருகிறது.

பிராட்காஸ்ட் அல்லது மல்டிகாஸ்டில் அனுப்புகிறீர்களா என்று பாருங்கள். ஒருவருக்கு மட்டும் போகும் பாக்கெட்டை வை-ஃபை ஒப்புகை பெற்று, வராவிட்டால் மறுபடி அனுப்பும். எல்லாருக்கும் போகும் பாக்கெட்டுக்கு அந்தக் கவனிப்பு இல்லை. குறைந்த வேகத்தில் ஒருமுறை சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். டேப்லெட்டுக்கு நிலையான முகவரி கொடுத்து நேரடியாக அனுப்புங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும்.

எடை துண்டு துண்டாக வருகிறது. சில நேரம் இரண்டு எடைகள் ஒட்டிக்கொண்டு வருகின்றன. ஏன்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். யுடிபி அமைப்பில் உண்மையான வேலை இங்கேதான்.

சீரியல் கம்பியில் செய்தி என்று ஒன்று கிடையாது. பைட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன, அவ்வளவுதான். யுடிபியில் ஒவ்வொரு பாக்கெட்டும் தனிச் செய்தி. எந்த இடத்தில் வெட்டிப் பாக்கெட் கட்டுவது என்பதைக் கன்வர்ட்டர் முடிவு செய்தாக வேண்டும். நீங்கள் சொல்லாவிட்டால் அது தன்னிஷ்டப்படி வெட்டும். டிசிபியிலும் இதே வெட்டு உண்டு, ஆனால் அங்கே துண்டுகள் வரிசை மாறாமல் வந்து சேரும், நிரல் ஒட்டவைத்துக்கொள்ளும். யுடிபியில் ஒரு துண்டு தொலைந்தால் "12" என்ற முன்பாதியும் அடுத்த எடையின் "480" என்ற பின்பாதியும் சேர்ந்து இல்லாத ஓர் எடை பிறக்கலாம். பில் போடும் இடத்தில் இது விளையாட்டல்ல.

வெட்டுவதற்கு மூன்று அளவுகோல்கள் உண்டு.

வரம்பு எழுத்து, அதாவது டெலிமிட்டர். இண்டிகேட்டர் ஒவ்வோர் எடையையும் ஏதாவது ஓர் எழுத்தோடு முடிக்கும். பெரும்பாலும் கேரேஜ் ரிட்டர்ன், ஹெக்ஸில் (16-அடிமான எண்ணில்) 0டி. அல்லது அதோடு லைன் ஃபீட், 0ஏ. சில இண்டிகேட்டர்கள் 02-ல் தொடங்கி 03-ல் முடிக்கும். இறுதி எழுத்தை டெலிமிட்டராகக் கொடுத்தால் ஒரு பாக்கெட்டுக்கு ஓர் எடை என்று சுத்தமாக வரும். எழுத்து வடிவத் தரவுக்கு இதுவே சிறந்தது. டெலிமிட்டரை நீக்கிவிட்டு அனுப்பும் வசதியும் இருக்கும். அதை இயக்காதீர்கள், வந்தது முழுச் செய்திதானா என்று நிரல் சரிபார்க்க அந்த எழுத்து தேவைப்படும்.

நீளம். எல்லாச் செய்தியும் ஒரே நீளம் என்றால் உதவும். ஆனால் ஒரே ஒரு பைட் தொலைந்தாலும் அதற்குப் பிறகு எல்லா வெட்டும் தள்ளித் தள்ளி விழும். தனியாக இதை நம்ப வேண்டாம்.

நேரம். மோக்ஸாவில் ஃபோர்ஸ் டிரான்ஸ்மிட், மற்றவற்றில் கேப் டைம், பாக்கிங் டைம் என்று பெயர்கள். இவ்வளவு மில்லிசெகண்ட் ஆனால் கையில் இருப்பதை அனுப்பிவிடு என்று பொருள். இந்த நேரம் சில கருவிகளில் கடைசி பைட்டிலிருந்து எண்ணப்படும், சிலவற்றில் முதல் பைட்டிலிருந்து. கையேட்டில் இந்த ஒரு வரியைத் தேடிப் படித்துவிடுங்கள்.

எண்ணைத் தேர்ந்தெடுக்கக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். 8 டேட்டா பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட் என்றால் ஒரு பைட்டுக்கு 10 பிட். 9600-ல் ஒரு பைட் வர சுமார் 1.04 மில்லிசெகண்ட். 1200-ல் 8.3 மில்லிசெகண்ட். இப்போது 1200-ல் பேசும் பழைய தராசுக்கு 5 மில்லிசெகண்ட் என்று வைத்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு பைட்டும் தனிப் பாக்கெட்டாகப் போகும். கடைசி பைட்டிலிருந்து எண்ணும் கருவி என்றால், ஒரு பைட்டின் நேரத்தைப் போல நான்கைந்து மடங்கில் தொடங்குங்கள். ஆனால் இரண்டு செய்திகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைத் தாண்டக் கூடாது, தாண்டினால் எடைகள் ஒட்டிக்கொள்ளும். நம் இண்டிகேட்டர் 16 பைட் செய்தி அனுப்புகிறது என்று வைத்துக்கொண்டால் அதற்கு 17 மில்லிசெகண்ட், அடுத்தது 100-ல். நடுவே 80-க்கு மேல் சும்மா கிடக்கிறது. 10 என்று வைத்தால் தாராளம்.

டெலிமிட்டர், நேரம் இரண்டையும் சேர்த்துப் போட்டால் இரண்டில் எது முதலில் நிறைவேறுகிறதோ அங்கே வெட்டும். பாக்கெட் 1472 பைட்டைத் தாண்டாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் சாதாரண ஈதர்நெட்டில் உடைத்துத்தான் அனுப்பப்படும், ஒரு துண்டு போனால் முழுவதும் போச்சு.

மோட்பஸ் ஆர்டியு (தொழிற்சாலைக் கருவிகளின் சீரியல் நெறிமுறை) மீட்டரை யுடிபியில் விடலாமா?

விடலாம். கேட்டுப் பதில் பெறும் முறை என்பதாலும், ஒவ்வொரு செய்தியிலும் சிஆர்சி என்ற பிழை கண்டறியும் எண் இருப்பதாலும் இது யுடிபிக்கு ஒத்துவரும். ஆனால் மோட்பஸ் ஆர்டியுவில் டெலிமிட்டர் கிடையாது, எந்த பைட்டும் தரவாக வரலாம். ஒரு செய்தியின் முடிவு என்பது 3.5 எழுத்து நேர மௌனம்தான். 9600-ல், 11 பிட் எழுத்துக்கு, அது சுமார் 4 மில்லிசெகண்ட். 19200-க்கு மேல் 1.75 என்று நிலையாக வைக்கச் சொல்கிறது அதன் விவரக்குறிப்பு. இடைவெளி நேரத்தை 5 முதல் 10 வரை வையுங்கள், டெலிமிட்டரை அணைத்துவிடுங்கள்.

இப்படிப் போவது மோட்பஸ் டிசிபி அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். மோட்பஸ் டிசிபியில் முன்னால் 7 பைட் தலைப்பகுதி இருக்கும், சிஆர்சி இருக்காது. உங்கள் ஸ்காடா (கருவிகளைக் கண்காணிக்கும்) மென்பொருளில் "ஆர்டியு ஓவர் யுடிபி" என்ற தேர்வு இருக்க வேண்டும்.

படகு, கப்பல் ஜிபிஎஸ் தரவுக்கு?

யுடிபிக்கு இதைவிடப் பொருத்தமான வேலை இல்லை. கப்பல் கருவிகள் பேசும் என்எம்இஏ 0183 முறையில் ஒரு வாக்கியம் (செய்தி) அதிகபட்சம் 82 எழுத்து, முடிவில் 0டி, 0ஏ, அதற்கு முன் சரிபார்ப்புத் தொகை. வேகம் 4800, ஏஐஎஸ் (கப்பல்களை அடையாளம் காட்டும்) கருவிகளில் 38400. 0ஏ-வை டெலிமிட்டராக்கி 10110 என்ற போர்ட்டுக்கு பிராட்காஸ்ட் செய்யுங்கள். அந்த எண் இதற்கென்றே பதிவானது, ஓபன்சிபிஎன் போன்ற கடல் வரைபட மென்பொருள்கள் அதைக் கேட்கும்.

கம்ப்யூட்டரிலிருந்து பெரிய தரவை அனுப்பினால் நடுவில் காணாமல் போகிறது.

9600-ல் சீரியல் கம்பி விநாடிக்கு 960 பைட்தான் விழுங்கும். நெட்வொர்க் பக்கமோ 100 மெகாபிட். டிசிபியில் "கொஞ்சம் பொறு" என்று சொல்லும் வழி உண்டு. யுடிபியில் கன்வர்ட்டரின் பஃபர் (தற்காலிக நினைவகம்) நிறைந்ததும் மீதி சத்தமில்லாமல் கொட்டிப்போகும். 1400 பைட் அனுப்பினால் அது வெளியேற ஏறக்குறைய ஒன்றரை விநாடி ஆகும் என்று கணக்கிட்டு, நிரலில் இடைவெளி விட்டு அனுப்புங்கள். பைனரித் தரவு என்றால் எக்ஸ்ஆன்/எக்ஸ்ஆஃப் ஃப்ளோ கன்ட்ரோலையும் (தரவுக்கு நடுவிலேயே "நிறுத்து", "தொடங்கு" என்று சொல்லும் முறை) அணையுங்கள், 11, 13 என்ற ஹெக்ஸ் பைட்டுகளை அது தனக்கென எடுத்துக்கொள்ளும்.

பழைய மென்பொருள் காம் போர்ட்டைத்தான் கேட்கிறது.

பெரும்பாலான விர்ச்சுவல் காம் டிரைவர்கள் (நெட்வொர்க் கருவியைக் கம்ப்யூட்டரின் காம் போர்ட் போலக் காட்டுபவை) டிசிபியில் ஓடுபவை. மென்பொருளிலிருந்தே பாட் ரேட்டை மாற்றும் ஆர்எஃப்சி 2217 முறையும் டிசிபி மேல்தான். காம் போர்ட் கட்டாயம் என்றால் யுடிபியை விட்டுவிடுவது நல்லது.

வயர்ஷார்க்கில் (நெட்வொர்க் பாக்கெட்டுகளைப் பார்க்கும் மென்பொருள்) பாக்கெட் தெரிகிறது, நிரலுக்கு வரவில்லை.

நல்ல அறிகுறி. கன்வர்ட்டர், கேபிள், ஸ்விட்ச் எல்லாம் சரி, சிக்கல் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. வயர்ஷார்க் ஃபயர்வாலுக்கு முன்பே பாக்கெட்டைப் பார்த்துவிடும். விண்டோஸ் ஃபயர்வாலில் அந்த யுடிபி போர்ட்டுக்கு உள்வரும் அனுமதி கொடுங்கள். அப்புறம், வேறு ஏதாவது நிரல் அதே போர்ட்டைப் பிடித்து வைத்திருக்கிறதா பாருங்கள். சோதனைக்காகத் திறந்த ஹெர்குலிஸ் என்ற நிரல் மூடப்படாமல் பின்னால் கிடப்பது அடிக்கடி நடக்கும். பிராட்காஸ்ட் மட்டும் வரவில்லை, அதுவும் லினக்ஸில் என்றால், நிரல் 0.0.0.0 என்ற முகவரியில் கேட்கிறதா என்று பாருங்கள். குறிப்பிட்ட ஐபியில் கேட்டால் லினக்ஸ் பிராட்காஸ்டைக் கொடுக்காது.

விண்டோஸில் 10054 என்ற பிழை வருகிறது. யுடிபியில் இணைப்பே இல்லையே, அது எப்படி அறுபடும்?

நீங்கள் அனுப்பிய பாக்கெட் போன இடத்தில் அந்தப் போர்ட் திறந்திருக்கவில்லை. அங்கிருந்து ஐசிஎம்பி என்ற நெட்வொர்க் அறிவிப்பு முறை வழியாக "இங்கே யாரும் இல்லை" என்று பதில் வந்திருக்கிறது. விண்டோஸ் அதை அடுத்த ரிசீவ் அழைப்பில் இந்தப் பிழையாகக் காட்டும். கன்வர்ட்டரின் உள்ளூர் போர்ட் எண்ணைச் சரிபாருங்கள். கன்வர்ட்டர் மறுபடி தொடங்கும் நேரத்திலும் இது வரலாம் என்பதால், நிரல் இந்தப் பிழையைக் கண்டு நின்றுவிடாமல் தொடர்ந்து கேட்க வேண்டும்.

எத்தனை பாக்கெட் தொலைகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

யுடிபி சொல்லாது. தரவிலேயே அடையாளம் வேண்டும். நம் இண்டிகேட்டர் விநாடிக்குப் பத்து அனுப்புவது தெரியும் என்பதால் நிரல் எண்ணிப் பார்க்கலாம். அதைவிட முக்கியம், கடைசி எடை வந்து ஒரு விநாடிக்கு மேல் ஆகிவிட்டால் திரையில் எண்ணை அழித்துவிட்டுக் கோடுகளைக் காட்டுவது. கம்பி அறுந்த பிறகும் பழைய எடை திரையில் நிற்பதுதான் யுடிபி அமைப்புகளில் நான் மிகவும் அஞ்சும் குறை.

வேறு ஊரில் உள்ள அலுவலகத்துக்கு இன்டர்நெட் வழியாக அனுப்பலாமா?

நேரடியாக வேண்டாம். ரவுட்டர் நேட் (உள் முகவரியை வெளி முகவரியாக மாற்றும் முறை) பதிவுகளைக் கொஞ்ச நேரம்தான் வைத்திருக்கும், லினக்ஸ் அடிப்படையிலான ரவுட்டர்களில் பதில் வராத யுடிபிக்கு வழக்கமாக 30 விநாடி. அதைவிடப் பெரிய பிரச்சினை பாதுகாப்பு. இந்தக் கன்வர்ட்டர்களின் யுடிபியில் கடவுச்சொல்லும் இல்லை, மறையாக்கமும் இல்லை. அனுப்புபவர் முகவரியைப் போலியாகப் போடுவதும் எளிது. போர்ட்டை வெளியே திறந்துவிட்டால் உங்கள் பிஎல்சிக்கு யார் வேண்டுமானாலும் கட்டளை கொடுக்கலாம். இரண்டு ஊருக்கும் நடுவே விபிஎன் (மறையாக்கப்பட்ட தனி வழி) போட்டு அதற்குள் அனுப்புங்கள். உள்ளூரிலும் கன்வர்ட்டர்களைத் தனி விஎல்ஏஎன்-இல் வைப்பது நல்லது.

மாற்றிச் சேமித்த பிறகும் பழைய முகவரிக்கே அனுப்புகிறது.

பல கருவிகளில் சேமிப்பது ஒரு படி, மறுதொடக்கம் இன்னொரு படி. வெப் பக்கத்தில் ரீஸ்டார்ட் பட்டனைத் தேடி அழுத்துங்கள். எழுந்து வந்ததும் அதே பக்கத்தைத் திறந்து, முகவரி, இரண்டு போர்ட்டுகள், டெலிமிட்டர், நேரம் ஐந்தையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். சரியாக இருந்தால் அமைப்புக் கோப்பை ஏற்றுமதி செய்து எடுத்து வையுங்கள்.